சொல் தேடும் செயலியோடு நான்கு வருடம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்வதெழுதுதலில் விடுகிற பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் களைத்துப்போன நேரம், 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக்கிடந்த நாட்களில், இந்தச் செயலிகள் கண்ணில் பட்டன. சில எழுத்துகளைக் கொடுத்தால், அந்த எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டும். ஸ்கிராபிள் ஆடுபவர்கள் தங்கள் கையிலுள்ள ஏழு எழுத்தில் என்ன சொல் கட்டலாம் என்று பார்ப்பதற்காகச் செய்தது. என் தேவை வேறு. ஒரே எழுத்துக்கூட்டம் வரும் சொற்களை ஒரே தாளில் போட்டுக்கொடுத்தால் பிள்ளைகளின் மனதில் நிற்கும் என்று நினைத்தேன்.

முதல் கிழமை முழுக்கக் குழப்பம். ஏ, ரீ, ஈ மூன்றையும் போட்டேன். ஒரு செயலி தண்ணீருக்கான வோட்டர், பிரைவேட், சொக்லேட் என்று தந்தது. இன்னொன்று ரீச்சரையும் சேர்த்தது. மூன்றாவது, 'தின்' என்ற ஈட்டையும் குடிக்கிற ரீயையும் இன்னும் இரண்டொரு குட்டிச் சொற்களையும் தந்துவிட்டு நின்றது. மூன்றும் சரிதான். முதலாவது, மூன்று எழுத்தும் அதே வரிசையில் ஒட்டி வரும் சொற்களைத் தேடியது. இரண்டாவது, எந்த வரிசையிலாவது மூன்றும் உள்ளே இருந்தால் போதும் என்றது. மூன்றாவதற்கு அந்த மூன்றைத் தவிர வேறு எழுத்தே இருக்கக் கூடாது. ஆனால் மூன்று செயலியிலும் பெட்டியின் மேல் எழுதியிருந்தது 'இந்த எழுத்துகள்' என்று மட்டும்தான். செயலி பிழை என்று திட்டி அழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். நான் இரண்டை அழித்த பிறகுதான் விளங்கியது.

எழுத்துக்கூட்டலுக்கு உதவுவது ஒட்டி வரும் தேடல்தான். அதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. அந்த ஏ-ரீ-ஈ பட்டியலைப் பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமாக வாசித்தபோது, நாங்கள் எல்லாவற்றையும் 'ஏட்' என்றே முடிக்கிறோம் என்பது காதில் விழுந்தது: பிரைவேட், சொக்லேட், கிளைமேட். ஆங்கிலேயர் வாயில் அவை பிரைவிட், சொக்லிட், கிளைமிட் மாதிரித்தான் வரும். பெயர்ச்சொல்லிலும் பெயரடையிலும் அந்த முடிவு பெரும்பாலும் தேய்ந்துவிடும். வினைச்சொல்லில் 'ஏட்' என்று முழுதாக நிற்கும். செப்பரேட் என்ற ஒரே சொல், 'பிரி' என்றால் ஒரு மாதிரி, 'தனியான' என்றால் வேறு மாதிரி. இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன், சொக்லேட் என்றே சொல்லிக்கொண்டு. (கடையில் இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன். சொக்லிட் என்றால் கடைக்காரத் தம்பி சிரிப்பான்.)

பெரிய அவமானம் ஓ-யூ-ஆர் பட்டியலால் வந்தது. செயலி தந்த சொற்களை அப்படியே எழுதி, பதினான்கு பிள்ளைகளுக்கும் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலு, மணித்தியாலம், பயணம், நீதிமன்றம் எல்லாவற்றுக்குமான ஆங்கிலச் சொற்களும் இருந்தன. தரம் 7 பிள்ளை ஒன்று தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ரீச்சர், கலர் எங்க?" என்று கேட்டது. கலர் இல்லை. அயலவர் இல்லை, துறைமுகம் இல்லை. செயலியின் உள்ளே இருந்தது அமெரிக்க அகராதி. அங்கே இந்தச் சொற்களில் யூ கிடையாது. எங்கள் பாடப்புத்தகமோ பிரித்தானிய எழுத்துக்கூட்டல். அன்றிலிருந்து புதிதாக எதை இறக்கினாலும் முதலில் ஓ-யூ-ஆர் போட்டு, கலர் வருகிறதா என்று பார்க்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். இணையத்தில் மட்டும் ஓடுகிற செயலி வெறும் வெள்ளைத் திரை. அப்போது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மருமகன், "மாமி, இதுக்கு நெட்டே தேவையில்லை" என்று தன் பழைய லினக்ஸ் மடிக்கணினியைத் தந்துவிட்டுப் போனான். அதற்குள் வரிக்கு ஒரு சொல்லாக ஏறக்குறைய 100,000 வரியில் ஒரு கோப்பு இருக்கிறது. அமெரிக்கக் கோப்பு தனி, பிரித்தானியக் கோப்பு தனி. இரண்டாவதை அவன்தான் நிறுவித் தந்தான். கிரெப் என்று ஒரு கட்டளை, 1973இல் கணினி அறிஞர் கென் தொம்சன் எழுதியது, என் எழுத்துகளைக் கொடுத்தவுடன் அந்தக் கோப்பில் பொருந்தும் வரிகளை எல்லாம் கொட்டுகிறது. தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். விளம்பரமும் இல்லை. ஒரே தொல்லை, உடைமைக்குறி போட்ட சொற்களும் அந்தக் கோப்பில் இருப்பதால், பட்டியல் தேவையில்லாமல் நீளும்.

விளம்பரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இலவசச் செயலிகளில் மூன்றாவது தேடலுக்குப் பிறகு திரை முழுக்க ஏதாவது வந்து நிற்கும், சில நேரம் சூதாட்டம். சொற்பட்டியலிலேயே கெட்ட வார்த்தைகளும் வரும். விளையாட்டு அகராதி எல்லாவற்றையும் ஒளிப்பதில்லை. பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் வேலையை ஒரே நாளில் நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் அவர்கள் தங்கள் வீட்டுப் போனில் இறக்கிவிட்டார்கள். ஸ்கிராபிள் ஆடும்போது ஒருவன் ஏ-ஏ என்று இரண்டு எழுத்தை வைத்தான். மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பார்த்தால் உண்மையான சொல்தான். ஹவாய் மொழியிலிருந்து வந்தது, கரடுமுரடாக உறையும் ஒருவகை எரிமலைக் குழம்பு. வைத்தவனுக்கு அது தெரியாது. செயலி சொல்லைக் காட்டியது, பொருளைக் காட்டவில்லை. இப்போது எங்கள் விறாந்தைச் சட்டம்: பொருள் சொல்லாத சொல்லுக்குப் புள்ளி இல்லை. உலகப் போட்டிகளில் அப்படி ஒரு விதி கிடையாது, தெரியும்.

நான்கு வருடத்தில் தீராத குறை ஒன்று உண்டு. செயலிக்கு எழுத்துத்தான் தெரியும், ஓசை தெரியாது. பீ-எச் சேர்ந்தால் எஃப் ஓசை என்று காட்ட நினைத்துத் தேடினால், போனும் போட்டோவும் வரும். கூடவே மேட்டில் ஏறுவதைக் குறிக்கும் அப்ஹில்லும் ஆட்டு இடையனான ஷெப்பர்டும் வந்து நிற்கும். தொடக்கத்தில் அவற்றைக் கையால் வெட்டினேன். இப்போது வெட்டுவதில்லை. அப்படியே தாளில் விட்டு, எஃப் ஓசை வராத சொற்களைப் பிடியுங்கள் என்கிறேன். அப்ஹில்லை எப்படியும் பிடித்துவிடுகிறார்கள். ஷெப்பர்டை இதுவரை இரண்டு பேர்தான் பிடித்திருக்கிறார்கள்.