முன்னங்கால் நொண்டும் பெரிய ஜாதிக் குட்டி: ஆபரேஷனா, மாத்திரையும் கட்டுப்பாடுமா?

ஏழு மாத லாப்ரடார் குட்டி. தூங்கி எழுந்ததும் முன்னங்காலை விந்தி விந்தி நடக்கிறது, பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. சாயங்காலம் பந்து விளையாடிவிட்டுப் படுத்து எழுந்தால் மறுபடி அதே நொண்டல். வீட்டில் ஒருவர் சுளுக்கு என்பார், இன்னொருவர் சத்துக் குறைவு என்பார். மருந்துக்கடையில் கால்சியம் டானிக் கைக்கு வந்துவிடும். இரண்டு மாதம் இப்படியே போய்விடும்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்ட், பெர்னீஸ் மவுண்டன் டாக் போன்ற ஜாதிகளில் நாலு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் முன்னங்கால் நொண்டல் வந்து போய்க்கொண்டே இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது முழங்கை மூட்டை. எல்போ டிஸ்பிளேசியா என்று டாக்டர்கள் சொல்வது ஒரே நோயல்ல, அந்த மூட்டு சரியாக வளராததால் வரும் சில கோளாறுகளுக்கு மொத்தமாக வைத்த பெயர். பரம்பரையாக வருவது. தீனியும் எடையும் ஓட்டமும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

'ஆபரேஷன் செய்யலாமா, மாத்திரையிலேயே பார்க்கலாமா' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எந்தக் கோளாறு என்றே தெரியாமல் கேட்கிறார்கள். அது தெரிந்தால் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே இருக்காது.

முதலில் எது உடைந்திருக்கிறது?

முழங்கைக்குக் கீழே ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் ஒரே வேகத்தில் வளர வேண்டும். ரேடியஸ் கொஞ்சம் குட்டையாகிப்போனால் பாரம் முழுக்க அல்னாவின் உள்பக்க முனையில் விழும். கொரொனாய்டு என்ற அந்தச் சின்ன முனையில் விரிசல் விட்டு, சில சமயம் துண்டாகவே உடைந்து மூட்டுக்குள் கிடக்கும். லாப்ரடார், ராட்வீலர், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். அல்னா குட்டையானால் நேர்மாறு: மேல்கை எலும்பு மேலே தள்ளப்பட்டு, அன்கோனியல் என்ற பின்பக்க முனையை இடிக்கும். சுமார் 20 வாரத்துக்குள் அல்னாவோடு ஒட்டிப்போக வேண்டிய அந்த முனை ஒட்டாமலே நின்றுவிடும். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இது அதிகம். மூன்றாவது, மேல்கை எலும்பின் நுனியில் குருத்தெலும்பு உரிந்து எழும்புவது.

பெரும்பாலும் இரண்டு முழங்கையிலும் இருக்கும். இரண்டும் வலித்தால் நாய் எந்தக் காலை நொண்டும்? நொண்டாது. அடியைக் குறுக்கிக் குறுக்கி வைக்கும், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும், நடையில் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிடும். 'எங்க குட்டி ரொம்ப சாது, ஓடவே ஓடாது' என்று பெருமையாகச் சொல்லப்படும் லேப் குட்டிகளில் சிலது இந்த வகை.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வீடியோ எடுங்கள். சமதளமான தரையில், கயிறு தொளதொளவென்று இருக்க, ஒருவர் நாயை உங்களை நோக்கி நடத்தி வரட்டும். நீங்கள் குந்தி உட்கார்ந்து முன்னாலிருந்து ஸ்லோமோஷனில் பிடியுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது இறங்கும். கிளினிக் மேஜையில் பயந்துபோய் நிற்கும் குட்டி நொண்டவே நொண்டாது என்பதால் இந்த வீடியோ பெரிய உதவி.

எக்ஸ்ரேயா, சி.டி. ஸ்கேனா?

அன்கோனியல் முனைக்கு எக்ஸ்ரே போதும். முழங்கையை நன்றாக மடக்கி பக்கவாட்டில் எடுத்தால் ஒட்டாத இடம் கோடாகத் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன் எடுத்துப் பயனில்லை, அந்த வயதில் ஒட்டாமல் இருப்பதே இயல்பு. கொரொனாய்டு அப்படியல்ல. மற்ற எலும்புகள் மேலே விழுந்து மறைப்பதால் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் அகப்படாது, பக்கவிளைவாக வளர்ந்த எலும்பு முட்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் என்றால் துண்டு நேராகத் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, குட்டி மட்டும் நொண்டிக்கொண்டே இருக்கிறது என்றால் முழங்கை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எடுக்கும்போது இரண்டு முழங்கையையும், கூடவே தோள்பட்டையையும் எடுக்கச் சொல்லுங்கள். தோளிலும் இதே வயதில் குருத்தெலும்பு உரியும். பனோஸ்டைட்டிஸ் என்ற வளர்ச்சிக்கால எலும்பு வலியும் ஒன்று உண்டு. இன்று இந்தக் கால், அடுத்த மாதம் அந்தக் கால் என்று மாறி மாறி வந்து தானாகவே போய்விடும். அதற்கு ஆபரேஷன் பேச்சே தேவையில்லை.

ஒட்டாத அன்கோனியல்: இங்கே தள்ளிப்போடக் கூடாது

இந்த ஒரு கோளாறில் எனக்குத் தயக்கமே இல்லை, குட்டி சின்னதாக இருக்கும்போதே ஆபரேஷன். அல்னாவை மேல்பக்கத்தில் வெட்டிவிட்டால் இடிக்கும் அழுத்தம் குறையும், கூடவே ஒரு திருகாணி போட்டு முனையை இறுக்கினால் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு. இது ஆறு, ஏழு மாத வயதில் நடக்கிற காரியம். முனை தளர்ந்து ஆடி, தேய்ந்து உருமாறிய பிறகு திருகாணி பிடிக்காது, அதை எடுத்துப் போடுவது ஒன்றுதான் மிச்சம். எடுத்தாலும் பல நாய்கள் சுமாராக நடக்கும், ஆனால் மூட்டு ஆட்டம் காணும், தேய்மானம் சீக்கிரம் வரும்.

மாத்திரையில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்பது ஐந்தரை மாத ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மோசமான யோசனை. அந்த இரண்டு மாதம்தான் அதற்கு இருக்கும் அவகாசமே.

கொரொனாய்டு: உண்மையான போட்டி இங்கேதான்

"அண்ணே, ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணுங்கிறார், இன்னொருத்தர் மாத்திரையே போதும்ங்கிறார். யாரை நம்புறது?" என்று என்னிடம் கேட்ட லேப் வளர்க்கும் தம்பியைக் குறை சொல்ல முடியாது. ஆய்வுகளே இரண்டு பக்கமாக நிற்கின்றன. 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, துளை வழியாகச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி, மூட்டைத் திறந்து செய்வதைவிடவும் மருந்தைவிடவும் மேல் என்றது. 2011இல் நாய்களின் நடையைக் கருவிகொண்டு அளந்து பார்த்த ஒரு ஆய்வில், ஒரு வருஷம் வரை ஆர்த்ரோஸ்கோப்பிக்கு மேலான பலன் தெரியவில்லை.

ஆர்த்ரோஸ்கோப்பியின் பலம் என்ன? இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள குழாயை விட்டு, குருத்தெலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மூட்டுக்குள் மணல் மாதிரி உறுத்திக்கொண்டிருக்கும் துண்டை வெளியே எடுத்துவிடலாம். நாய் அன்றோ மறுநாளோ வீடு திரும்பும். மூட்டைத் திறந்து செய்யும் பழைய முறையில் காயமும் வலியும் அதிகம், அதற்கு மருந்தைவிடப் பெரிய லாபம் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே உங்கள் ஊரில் கிடைப்பது திறந்து செய்யும் ஆபரேஷன் மட்டும்தான் என்றால் தராசு மருந்துப் பக்கம் சாய்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சின்னக் குழாயைப் பழக்கமான கையோடு பிடிக்கும் இடங்கள் குறைவு. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது. எந்தச் சர்ஜனிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த மூட்டில் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் சார்?

பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். துண்டை எடுத்தாலும் தேய்மானம் நிற்காது. மூட்டின் அமைப்பே பொருந்தாமல் இருப்பது அப்படியேதான் இருக்கும். நாலிலிருந்து ஆறு வாரம் கயிற்றோடு மட்டும் நடை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். 'ஆபரேஷன் ஆச்சு, இனி பந்து போடலாம்' என்று நினைப்பவர் பணத்தை வீணடிக்கிறார்.

ஆபரேஷன் இல்லாத வழியும் சுலபமானதல்ல. எடை, வலிமருந்து, அளவான நடை மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் அதற்குச் சிகிச்சை என்று பெயர். மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு நாயை மாடியில் ஓடவிட்டால், வலி தெரியாததால் அது இன்னும் வேகமாக ஓடி மூட்டைக் கெடுத்துக்கொள்ளும்.

என் கணக்கு இது. ஒரு வயதுக்குள், ஸ்கேனில் துண்டு தெளிவாகத் தெரிகிறது, ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகக் கட்டுப்படுத்தியும் நொண்டல் போகவில்லை, பழகிய சர்ஜன் இருக்கிறார் என்றால் ஆர்த்ரோஸ்கோப்பி. நொண்டல் லேசு, ஸ்கேனில் விரிசல் மட்டும், அல்லது ஏற்கெனவே தேய்மானம் முற்றிய நாலைந்து வயது நாய் என்றால் கத்தி வேண்டாம்.

கால்சியம் டானிக்கா, எடைக் குறைப்பா?

இதில் போட்டியே கிடையாது, ஆனாலும் நம் ஊரில் டானிக்தான் ஜெயிக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, குடலில் உறிஞ்சும் கால்சியத்தை வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளும் திறன் போதாது. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் குழப்பும். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று வரும் பாக்கெட் தீவனத்தில் கால்சியம் கணக்காகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் டானிக் ஊற்றுவது கெடுதல். கறியும் சோறும் தயிரும் மட்டும் சாப்பிடும் குட்டிக்கு நிலைமை தலைகீழ். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். அதற்குக் கால்சியம் தேவைதான், ஆனால் மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் டாக்டர் எடை போட்டுச் சொல்லும் அளவில்.

எடைக்கு வருவோம். நாயின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. மூட்டுத் தேய்மானம் வந்த குண்டு நாய்கள் உடல் எடையில் 6 சதவீதம் குறைத்ததுமே நொண்டல் குறைந்ததை ஆய்வில் அளந்திருக்கிறார்கள். 40 கிலோ லேப் என்றால் இரண்டரைக் கிலோதான். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 2002இல் வந்தது. கூடப்பிறந்த ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை நடுமதிப்பில் 13 வருஷம் இருந்தன, மற்றவை 11.2. மூட்டுக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் நன்றாகத் தள்ளிப்போனது.

தராசு இல்லாவிட்டாலும் கை போதும். கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அந்த அளவுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். டீ நேரத்து மேரி பிஸ்கட், பாட்டி ரகசியமாக ஊட்டும் தயிர்சாதம், எல்லாம் கணக்கில் சேரும். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இதுதான் ஆபரேஷனைவிடக் கஷ்டமான பகுதி.

வலிமருந்து: நாய்க்கானதா, வீட்டில் இருப்பதா?

கார்ப்ரோபென், மெலாக்ஸிகாம், பிரோகாக்ஸிப் போன்றவை நாய்களுக்குச் சோதித்துப் பார்த்தவை. நீண்ட நாள் கொடுப்பதென்றால் கல்லீரல், சிறுநீரகத்துக்கு இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும். வீட்டில் கிடக்கும் இப்யூபுரூபனும் டைக்ளோபினாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாந்தியோ கறுத்த மலமோ வந்தால் எந்த வலிமருந்தையும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிமருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரண்டு டாக்டரிடம் மாறி மாறிப் போகிறவர்கள் பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான்.

மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கும் மீன் எண்ணெய்க்கும் நடுவே பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மீன் எண்ணெய். முதலாவதற்கு ஆதாரம் பலவீனம், மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்புக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் கொழுப்புதான், தீனியில் அந்த அளவு குறைக்க வேண்டும்.

மாதம் ஒரு ஊசியாகப் போடும் பெடின்வெட்மாப் பற்றியும் கேட்கிறார்கள். தேய்மான வலிக்காக ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி கிடைத்தது. 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு அது கிடையாது, குட்டிக்காக அதைத் தேட வேண்டாம்.

பந்தா, நடையா, நீச்சலா?

பந்தை விட்டெறிந்தால் நாய் ஓடுவதைவிட அது திடீரென்று நின்று திரும்புவதில்தான் முழங்கை அடிவாங்குகிறது. ஸ்கூட்டரிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிப்பதும் அப்படியே. கயிற்றோடு பத்துப் பதினைந்து நிமிஷ நடை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, எல்லா நாளும் ஒரே அளவில். வாரம் முழுக்க வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் மணலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் திங்கட்கிழமை நொண்டல் நிச்சயம்.

நீச்சல் பாரமில்லாத பயிற்சிதான், ஆனால் நீந்தும்போது முழங்கை முழு வீச்சில் மடங்கி நீளும். வலி அடங்காத மூட்டுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் கிடைத்தால் அது மேல். இரண்டும் இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை, வீட்டுத் தரையைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். பளபளக்கும் டைல்ஸில் முன்னங்கால்கள் அகன்று வழுக்கும். தட்டு வைக்கும் இடம், படுக்கும் இடம், வாசற்படி இந்த மூன்றுக்கும் நடுவே ரப்பர் பாய் போட்டு, பாதத்துக்கு அடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள்.