மலைச்சாலை வேகத்தடைகள்: ஸ்கூட்டர் முதல் பிக்கப் வரை

எனக்குத் தினசரி கோத்தகிரி–குன்னூர் சாலைதான். ஸ்கூட்டர், பைக், செடான் கார், மச்சானோட பிக்கப் என்று பல வருஷமாக எல்லாவற்றிலும் அதே வேகத்தடைகளை ஏறி இறங்கியாகிவிட்டது. மலையில் ஒரே தடை ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி.

ஏற்றத்தில் வண்டிக்கு விழும் அடி குறைவு, பாடுபடுவது கிளட்ச். வேகம் செத்துப்போய், முதல் கியருக்கு வந்து, பாதி கிளட்சில் ஏற்ற வேண்டும்.

இறக்கம்தான் வில்லங்கம். ஸ்கூட்டர், பைக்கில் பிரேக் பிடித்ததுமே எடையெல்லாம் முன்னால் போய், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கிவிடும். அப்படியே தடையில் ஏறினால் மேற்கொண்டு அமுங்க இடமில்லை. அடி நேராக மணிக்கட்டுக்கு வரும், பின் சக்கரம் துள்ளும். மழையில் அந்த வெள்ளைப் பெயிண்ட் வழுக்கவும் செய்யும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, சக்கரம் தடையைத் தொடும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். "ஃபோர்க் ஆயில் சீல் ஒழுகுதுன்னு வர்றதுல பாதி, பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே ஏத்துற வண்டிங்கண்ணே" என்பார் எங்கள் மெக்கானிக்.

ஸ்கூட்டரின் 10 இன்ச் சக்கரம் தடையில் முட்டித்தான் ஏறும். பைக்கின் 17 இன்ச் உருண்டு போய்விடும். முதுகுவலிக்காரர்கள் யோசித்து வாங்கவும்.

செடானில் தனியாகப் போனால் தொல்லை இல்லை. நாலு பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் வயிறு உரசும் சத்தம் கேட்கும். சமவெளியில் சாய்வாக ஏற்றித் தப்பிக்கலாம். இங்கே வளைவை ஒட்டியே தடை இருக்கும். சாய்த்தால் எதிரே வரும் பஸ்ஸின் பாதையில் நிற்போம்.

பிக்கப் காலியாக இருந்தால் பின்பக்க பட்டை ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு உதைக்கும். கேரட் மூட்டை ஏற்றினால் சாதுவாகிவிடும். பஸ்ஸில் கடைசி சீட் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் தூக்கிப் போடும்; கர்ப்பிணிகளை அங்கே உட்கார விடாதீர்கள்.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட விதிப்படி தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். அப்படிப் போட்டதைக் கடந்தால் எந்த வண்டிக்கும் குறையில்லை. ஊருக்கு ஊர் அவசரத்தில் போட்ட குறுகிய, செங்குத்தான மேடுகள்தான் வண்டியைத் தின்பவை. பெயிண்ட் அழிந்து, மேகமும் இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்தான் அறிவிப்புப் பலகை.