கிளினிக் கணினியில் பிட்லொக்கர்: மூன்று வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிறிய கிளினிக்கை எடுத்தால், நோயாளர் விவரம் முழுக்க ரிசெப்ஷன் மேசைக்குக் கீழே உள்ள ஒரு கணினியில்தான் கிடக்கும். அது திருட்டுப் போனாலும், பழுதென்று பம்பலப்பிட்டிக் கடைக்குப் போனாலும், விண்டோஸ் கடவுச்சொல் எதையும் காப்பாற்றாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எச்.ஐ.வி. ரிப்போர்ட் வரை அத்தனையும் திறக்கும். டிஸ்க் முழுவதையும் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் முழு பிட்லொக்கர் கிடையாது, புரோ வேண்டும். எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் வேகம் குறைந்ததாக அன்றாட வேலையில் தெரியவில்லை. தொல்லை வேறு இடத்தில். மதர்போர்ட் மாற்றினால், சில வேளை பயோஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலே, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதை அதே கணினிக்குள் சேமித்து வைத்திருந்தால் நோயாளர் பதிவு அத்தனையும் போனதுதான். தாளில் அச்சடித்து, ஒரு பிரதியை டாக்டர் வீட்டிலும் இன்னொன்றை வேறொரு பூட்டிய இடத்திலும் வையுங்கள். பயோஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லொக்கரை இடைநிறுத்தினால் அந்தக் கேள்வியே வராது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குப் பிட்லொக்கர் காவல் இல்லை. திரை தானாகப் பூட்டும் நேரத்தை 2 நிமிடமாக வைத்தால், இரண்டே வாரத்தில் கடவுச்சொல் ஒரு துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டப்பட்டிருக்கும். ரிசெப்ஷனில் இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பில். 5 நிமிடமும், எழும்பும்போது விண்டோஸ் விசையுடன் எல் அழுத்தும் பழக்கமும்தான் நிலைத்தது.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் அதிகம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் பிட்லொக்கர் போட்டு, ஒன்று எப்போதும் கிளினிக்குக்கு வெளியே இருக்கட்டும். நோயாளர் பதிவு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் தரவுத்தளக் கோப்பை அப்படியே கொப்பி பண்ணினால், மீட்கும் நாளில் அது திறக்காமல் போகலாம். மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியையே பாவித்து, மூன்று மாதத்துக்கொரு முறை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ரிப்போர்ட் படம் ஊழியரின் கேலரிக்குப் போய், அங்கிருந்து அவருடைய சொந்தக் கூகுள் கணக்குக்கும் ஏறிவிடுகிறது. கிளினிக்குக்கென்று தனித் தொலைபேசி வாங்குங்கள்; அதில் வாட்ஸ்அப்பின் மீடியா விசிபிலிட்டியை (வரும் படத்தைக் கேலரியில் காட்டும் அமைப்பை) அணைத்துவிடுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வகுத்திருக்கிறது. ஊழியரின் சொந்தக் கைத்தொலைபேசி அதற்குரிய இடமல்ல.

கடைசியாக, ரிப்போர்ட் பி.டி.எஃப்.க்கு அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கம். இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 12 இலக்கத்தில் முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். பிறந்த நாள் தெரிந்தவருக்கு எஞ்சுவது 5 இலக்கம், அதாவது அதிகபட்சம் ஒரு இலட்சம் முயற்சி. கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த, ஆளுக்காள் வேறுபடும் 10 குறிகளைப் பில்லில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். ரிப்போர்ட் போகும் அதே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.