ஜாகுவார் இ-டைப்: 3.8-ஆ, 4.2-ஆ?

1960-களின் ஸ்போர்ட்ஸ் காரான இ-டைப்பில் 3.8 லிட்டர் எஞ்சின் நல்லதா, 4.2 லிட்டர் எஞ்சின் நல்லதா? இரண்டுக்கும் கம்பெனி சொன்ன சக்தி ஒன்றுதான்: 265 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ கார்புரேட்டர் மூன்று, 106 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), எதிலும் மாற்றமில்லை. 1964-இல் சிலிண்டர் விட்டத்தைத்தான் 87-இலிருந்து 92 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகக் கூட்டினார்கள். சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் பிளாக் நீளாமல் இதைச் செய்ய, நடுச் சிலிண்டர்களை நெருக்கி, ஓரத்தில் இருப்பவற்றை வெளிப்பக்கம் தள்ளினார்கள். அருமையான வேலை!

பலன் டார்க்கில், அதாவது எஞ்சினின் சுழற்று விசையில், தெரியும். 4.2 குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். 3.8-க்குச் சுழற்சி ஏற ஏறத்தான் உற்சாகம் வரும். அந்தத் துடிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதன் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் விழும் முன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரமாக முதலுக்குத் தள்ளினால் கரகரவென்று பல் உரசும். 4.2-இல் நான்கு கியருக்கும் உண்டு. சரி, அடிக்கடி ஓட்டுவதென்றால் 4.2-தான்.