பாராதைராய்டுக்கு எந்த மருந்து: கால்சிட்ரியாலா, சினகால்செட்டா, ஊசியா, ஆபரேஷனா?

மும்பையில், செம்பூரிலிருந்து காட்கோபருக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறோம். செவ்வாய், வியாழன், சனி, மதியம் 12 மணி ஷிப்ட். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது 2019இல். அந்த ஷிப்டில் எங்களைப் போல நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு மணி நேரமும் நாங்கள் வெளியே பெஞ்சில் இருப்போம். ஹீமோகுளோபின், எடை, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாய்) எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "பி.டி.ஹெச். ஆயிரத்தைத் தாண்டிடுச்சாம். எந்த மருந்து நல்லது?"

பி.டி.ஹெச். என்பது பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும், அம்மாவின் விரல்கள் மடங்கிக்கொண்ட ஒரு ராத்திரியும் ஆயிற்று.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பருப்பு அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. அவைதான் பாராதைராய்டு. சிறுநீரகம் ஓய்ந்துபோனால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தங்கும், வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறாது, ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். உடனே இந்த நான்கும் பி.டி.ஹெச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்க்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் சுரப்பிகள் வீங்கும், எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். அம்மாவுக்கு முதலில் தெரிந்தது அரிப்பும் இடுப்பு வலியும்தான். வயசு, அதனால் என்று விட்டுவிட்டோம்.

எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸில் இருப்பவருக்கு பி.டி.ஹெச். நம்மைப் போல 65க்குள் இருக்க வேண்டியதில்லை. உலக அளவில் சிறுநீரக டாக்டர்கள் பின்பற்றும் கேடிகோ வழிகாட்டுதல் (2017) சொல்வது, லேப் தரும் இயல்பான உச்ச அளவைப் போல 2 முதல் 9 மடங்கு வரை. உச்ச அளவு 65 என்றால், சுமார் 130லிருந்து 585 வரை. 400ஐப் பார்த்துப் பதற வேண்டாம். 300, 450, 700 என்று ஏறிக்கொண்டே போனால்தான் கவலை. ரொம்பக் கீழே தள்ளிவிடுவதும் நல்லதல்ல, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடும்.

சரி, மருந்துக்கு வருவோம். முதல் படி பாஸ்பரஸ் பைண்டர். இதில் பெரும்பாலான வீடுகளில் போட்டி கால்சியம் அசிடேட்டுக்கும் செவலமருக்கும்தான். இரண்டும் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பும். கால்சியம் அசிடேட் விலை குறைவு, விழுங்கவும் கஷ்டமில்லை. ஆனால் 667 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 169 மில்லிகிராம் சுத்தக் கால்சியம் இருக்கிறது. ஒரு வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை என்றால் 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அதில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகும். செவலமரில் கால்சியமே கிடையாது, ரத்தத்திலும் சேராது. ஆனால் மாத்திரை பெரியது, வயிறு உப்பும், மலச்சிக்கல் படுத்தும். தண்ணீரை அளந்து குடிப்பவருக்கு மலச்சிக்கல் சின்ன விஷயம் இல்லை. டயாலிசிஸ் கட்டணத்துக்கு அரசுத் திட்டங்கள் கை கொடுக்கின்றன. வீட்டில் விழுங்கும் மாத்திரைகளோ எங்களுக்குக் கைக்காசுதான், அதனால் மாதக் கணக்கில் செவலமரின் விலை உறைக்கிறது.

என் கணிப்பு இது. கால்சியம் 8.5க்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கால்சியம் அசிடேட் கெட்டதில்லை, அளவோடு கொடுத்தால் போதும். 9.5ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருப்பவர், எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய் வெள்ளையாகத் தெரிபவர், இவர்களுக்குச் செவலமர் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பைண்டர்கள் அதையும் பிடித்துக்கொள்ளும், இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். லாந்தனம் என்று மென்று தின்னும் மாத்திரையும் உண்டு. எண்ணிக்கை குறையும் என்பது அதில் வசதி, ஆனால் பல் சரியில்லாதவருக்குச் சிரமம்.

எந்தப் பைண்டராக இருந்தாலும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அம்மா ஒரு வருடம் கால்சியம் அசிடேட்டைச் சாயங்கால டீ வேளையில் மொத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க பாஸ்பரஸ் இருக்காது, கால்சியம் மட்டும் உள்ளே போகும். பாஸ்பரஸும் இறங்கவில்லை, கால்சியமும் ஏறியது. இப்போது தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துவிடுகிறேன். முதல் வாய்ச் சோற்றுக்கு அப்புறம் ஒன்று, பாதியில் ஒன்று.

அடுத்தது கால்சிட்ரியாலா, சினகால்செட்டா. இவை இரண்டும் பி.டி.ஹெச்.சைக் குறைக்கும், ஆனால் கால்சியத்தை எதிரெதிர்த் திசையில் இழுக்கும். கால்சிட்ரியால் என்பது செயல்படும் நிலையில் உள்ள வைட்டமின் டி. சுரப்பியை அடக்கும், கூடவே குடலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அதிகம் உறிஞ்ச வைக்கும். அதனால் கால்சியம் ஏறும். சினகால்செட் வேறு வழியில் வேலை செய்கிறது. சுரப்பியின் மேல் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. சினகால்செட் அதைக் கூர்மையாக்கி, ரத்தத்தில் கால்சியம் நிறைய இருப்பதாக நம்ப வைக்கும். சுரப்பி அடங்கும், கால்சியம் இறங்கும். அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்ற மருந்து. இப்போது இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன.

ஆகவே கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் கட்டுக்குள், பி.டி.ஹெச். அதிகம் என்றால் கால்சிட்ரியால் பொருந்தும். கால்சியமும் பாஸ்பரஸும் ஏற்கெனவே மேலே இருந்தால் அது எரிகிற தீயில் எண்ணெய். அங்கே சினகால்செட். பல பேருக்கு இரண்டையும் சின்ன அளவில் சேர்த்துக் கொடுக்கிறார்கள், ஒன்றின் இழுப்பை இன்னொன்று தாங்கும் என்பதால். அம்மாவுக்குக் கால்சிட்ரியால் ஆரம்பித்த நான்காவது மாதம் கால்சியம் 10.6, பாஸ்பரஸ் 7.1. நிறுத்திவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் கால்சியத்தைப் படிக்கும்போது அல்புமினையும் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) சேர்த்துப் பாருங்கள். அல்புமின் 4க்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ, அதை 0.8ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 8.2, அல்புமின் 3.2 என்றால் உண்மையான நிலை சுமார் 8.8. சினகால்செட் தொடங்க 8.4க்குக் கீழே இருக்கக் கூடாது என்பதால் இந்தச் சின்னக் கணக்கு முக்கியம்.

சினகால்செட்டின் பெரிய தொல்லை குமட்டல். சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்கு நாளையே கெடுக்கும். அம்மா இரண்டாவது ரகம். காலையில் மாத்திரை, மதியம் டயாலிசிஸ், முடிந்ததும் பி.பி. வேறு இறங்கியிருக்கும். திரும்பி வரும்போது அமர் மஹால் சந்திப்பு டிராபிக்கில் ஆட்டோவுக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி, தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அம்மா வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். அன்றைய தண்ணீர்க் கணக்கு முடிந்திருந்தது.

அதற்கு அப்புறம் அவள் வாந்தியைப் பற்றிப் பேசவே இல்லை. பழகிவிட்டது போல என்று நினைத்தேன். ஆனால் பி.டி.ஹெச். இறங்கவில்லை. 30 மில்லிகிராம் 60 ஆயிற்று, 60 பிறகு 90 ஆயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே சிஸ்டர் தினமும் கையில் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்த்தார். ஐந்தாம் நாள் ராத்திரி அம்மா என்னை எழுப்பி, "வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி" என்றாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கியிருந்தன, நான் பிரித்துவிட்டாலும் மறுபடி மடங்கின. கால்சியம் 6.7. இ.சி.ஜி. எடுத்துவிட்டு, நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து அவளுடைய பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது, டிஷ்யூ பேப்பரில் சுற்றிய சினகால்செட் மாத்திரைகள் இருந்தன. எண்ணினேன். 41. "உங்கிட்ட சொன்னா நீ டாக்டர்கிட்ட சொல்லிடுவே, அவர் கோச்சுப்பார்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. நாலு மாதமாகப் பக்கத்திலேயே இருந்தும் கேட்காமல் விட்டது நான்தானே.

மருந்துகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்த மனுஷி இதைத் தினமும் விழுங்குவாளா? விழுங்காத மாத்திரை ரிப்போர்ட்டில் வேலை செய்யாத மாத்திரை போலவே தெரியும். டாக்டர் டோஸை ஏற்றுவார். பிறகு ஒரு நாள் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் கால்சியம் கிடுகிடுவென்று இறங்கும். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடியும் 30இலிருந்து தொடங்கினார். இந்த முறை காலையில் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டோடு. குமட்டல் வந்தாலும் தூக்கத்தோடு போய்விடுகிறது. மாத்திரையை உடைக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். டோஸ் மாற்றிய ஒரு வாரத்துக்குள் கால்சியம் பார்க்க வேண்டும். பி.டி.ஹெச்.சுக்கு ரத்தம் எடுப்பது மாத்திரை போட்டு 12 மணி நேரமாவது ஆன பிறகுதான், இல்லாவிட்டால் எண் பொய்யாகக் குறைவாகக் காட்டும். எங்களுக்கு மதிய ஷிப்ட் என்பதால் இது தானாகவே அமைந்துவிட்டது.

ஊசியைப் பற்றிப் பெஞ்சில் ஆசையாகப் பேசுவார்கள். எடெல்கால்செடைட், சினகால்செட்டின் அதே வகை. டயாலிசிஸ் முடியும்போது மெஷின் குழாய் வழியாகவே போடுவது, வாரம் மூன்று முறை. மாத்திரை எண்ணிக்கை குறையும், தவறவிடவும் முடியாது. அம்மா மாதிரி ஒளித்து வைப்பவர்களுக்கு இதுவே பெரிய ஆதாயம். ஆனால் குமட்டல் இருக்காது என்று நினைத்து மாறினால் ஏமாற்றம்தான். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 683 பேரை 26 வாரம் வைத்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பி.டி.ஹெச்.சை இறக்குவதில் ஊசி முந்தியது. குமட்டலும் வாந்தியும் குறையவில்லை, கால்சியம் இறங்குவது ஊசியில் கொஞ்சம் அதிகம். இன்னொன்று, இது உடம்பில் நீண்ட நேரம் தங்கும். கால்சியம் இறங்கிவிட்டால், தினமும் போடும் மாத்திரையை நிறுத்துவது போலச் சட்டென்று பின்வாங்க முடியாது. சினகால்செட்டிலிருந்து மாறுவதாக இருந்தால் குறைந்தது 7 நாள் இடைவெளி விட வேண்டும். அம்மாவுக்கு இது வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். அவளுடைய பிரச்சினை மறதி இல்லை, குமட்டல்.

கடைசியில் ஆபரேஷன். பி.டி.ஹெச். 800க்கு மேலேயே நின்று, கால்சியமும் ஏறி, எந்த மருந்துக்கும் மசியாதபோது பேசப்படுவது. மூன்றரைச் சுரப்பியை எடுத்துவிடுவார்கள், அல்லது நான்கையும் எடுத்து ஒரு சின்னத் துண்டை முன்கையில் பதித்து வைப்பார்கள், ஃபிஸ்டுலா இல்லாத கையில். இதற்குப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மருந்து நிஜமாகவே தோற்ற பிறகு அப்படித் தள்ளுவது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தியை விடக் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த நாட்கள். இத்தனை வருடம் பறிகொடுத்த எலும்பு, பசியோடு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் அடிக்கடி ரத்தம் பார்த்து, ஏராளமாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். அதைச் செய்து பழகிய ஆஸ்பத்திரியாக இருக்கட்டும்.

அம்மா இப்போது ராத்திரி 30 மில்லிகிராம் சினகால்செட், சாப்பாட்டோடு செவலமர், வாரம் இரண்டு முறை மிகச் சின்ன அளவில் கால்சிட்ரியால். போன மாதம் கால்சியம் 8.8, பாஸ்பரஸ் 5.4, பி.டி.ஹெச். 520. எடையும் பி.பி.யும் எழுதும் நோட்டில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன், "போடாதவை" என்று. போன வியாழக்கிழமை ஆட்டோவில் ஏறியதும் அவளே சொன்னாள், "நேத்து ராத்திரி போடலை. எழுதிக்கோ, மறந்துடாதே."