கார் சாவியும் ரிமோட்டும்: நூறடி ரோட்டுச் சாவிக்கடை பற்றி ஒரு மதிப்பீடு

கோயம்புத்தூர் நூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் அளவுக்குச் சிறிய சாவிக்கடை ஒன்று இருக்கிறது. வெளியே தொங்கும் திண்டுக்கல் பூட்டுகளையும் பீரோ சாவிகளையும் பார்க்கிறவர்களுக்கு, உள்ளே கார்களின் மின்னணுப் பூட்டு வேலை நடக்கிறது என்று தோன்றாது. மாற்றுச் சாவி வெட்டுவது, அதிலுள்ள சிப்பைக் காரில் பதிவு செய்வது, ரிமோட்டை இணைப்பது, எல்லாச் சாவியும் தொலைந்துபோனால் கார் நிற்கும் இடத்துக்கே வந்து புதிதாகப் போட்டுத் தருவது ஆகியவைதாம் இப்போது இவர்களுக்குப் பிழைப்பு. திருப்பூரில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் நான் வாங்கிய பழைய காருக்கு ஒரே ஒரு சாவிதான் கிடைத்தது. இரண்டாவது சாவி போடுவதற்காக இங்கே போனேன். சில மாதங்கள் கழித்து, காங்கேயத்தை அடுத்த தோட்டத்தில் இருக்கும் மாமாவின் காருக்கும் இவர்களையே அழைக்க நேர்ந்தது. இரண்டு வேலையையும் பக்கத்திலிருந்து பார்த்த அளவில், இந்தக் கடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் விலை குறைவு என்பதைவிட, இவர்கள் கேட்கும் கேள்விகளே.

முதல் கேள்வி ஆர்சி புத்தகத்தைப் பற்றியது. காரின் பதிவுச் சான்றும் ஓட்டுநர் உரிமமும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்து, கார் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டு, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சாவிக்காரர் கருவியைத் தொட்டார். நான் காத்திருந்தபோது ஓர் இளைஞர் வந்து, நண்பரின் காருக்கு அவசரமாகச் சாவி வேண்டும், ஆர்சி ஊரில் இருக்கிறது, எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றார். “ஆர்சி இல்லாம செய்யறதில்லீங்க, உங்க நண்பரையே வரச் சொல்லுங்க” என்று அவரை அனுப்பிவிட்டார். கையில் வரும் பணத்தை விட்டுவிட்டு இப்படிச் சொல்லும் கடையில்தான், புதிய சாவியைப் பதியத் தேவைப்படும் என் காரின் ரகசிய எண்ணை நம்பிக் கொடுக்க முடியும்.

இரண்டாவது கேள்வியை அவர் காரிடமே கேட்டார். “சாவி எத்தனை இருக்குதுன்னு உங்க காருக்கே தெரியுமுங்க. அதைப் பார்த்துட்டு அப்பறம் வேலையைத் தொடங்கலாமுங்க” என்று சொல்லி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் கொண்ட ஓபிடி போர்ட்டில், அதாவது காரின் கணினியோடு கருவிகளை இணைக்கும் துளையில், ஸ்கேனரைச் செருகினார். என்னிடம் இருந்தது ஒரு சாவி. காரின் நினைவகத்தில் பதிவாகியிருந்தவை மூன்று. மற்ற இரண்டும் முந்தைய உரிமையாளரிடமோ, அவருக்கு முந்தையவரிடமோ, எங்காவது ஒரு மேசை இழுப்பறையிலோ இருக்கலாம். யாரிடம் இருந்தாலும், அந்தச் சாவிகளில் எதையும் கொண்டு என் வாசலில் நிற்கும் காரை ஓட்டிப் போக முடியும் என்ற நிலைதான் அதுவரை இருந்திருக்கிறது.

இது ஏன் என்று விளங்கிக்கொள்ள, சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் டிரான்ஸ்பாண்டர் எனப்படும் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷனில் சாவியைச் செருகித் திருப்பும்போது, அந்தத் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் பெரும்பாலான கார்களில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மின்காந்த அலையை எழுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொண்டு விழித்தெழுகிறது. கார் ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. விடை சரியாக இருந்தால் மட்டுமே, இம்மொபிலைசர் எனப்படும் திருட்டுத் தடுப்பு அமைப்பு எஞ்சினை ஓடவிடும். இல்லையென்றால் மீட்டர் போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பற்றாது, பற்றினாலும் உடனே நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் சின்னக் கார்களில்கூட இன்று இது சாதாரணமாக இருக்கிறது. ஆகவே சாவியைக் காரில் பதிவு செய்யும் புரோகிராமிங் என்பது முழுக்க முழுக்கக் காரின் நினைவகத்தில் நடக்கும் வேலை. எந்தெந்தச் சிப்புகளை ஏற்கலாம் என்ற பட்டியலில் புதிய சிப்பைச் சேர்ப்பதும், வேண்டாததை நீக்குவதுமே அது.

நீக்குவதைப் பற்றித்தான் பெரும்பாலான கடைகள் பேசுவதில்லை. இங்கே அவர் தானாகவே அதைச் சொன்னார். பல கார்களில் ஒரு குறிப்பிட்ட சாவியை மட்டும் பொறுக்கி நீக்க முடியாது. பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் சாவிகளை ஒவ்வொன்றாக மறுபடி பதிய வேண்டும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோவது அவசியம். பழைய மூன்றும் அழிந்து, என் சாவியும் புதிய சாவியும் பதிவானதும், ஸ்கேனரின் திரையை என் பக்கம் திருப்பி ‘2’ என்ற எண்ணைக் காட்டினார். அதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: வெளியே இருக்கும் பழைய சாவிகளால் இனி எஞ்சினை ஓட்ட முடியாது என்றாலும், அவற்றின் உலோகப் பிளேடு கதவை இன்னமும் திறக்கும். அதையும் தடுக்க வேண்டுமானால் கதவுப் பூட்டுகளையே மாற்ற வேண்டும். அதற்கான செலவு பெரிது. நான் பூட்டை மாற்றவில்லை. காருக்குள் விலையுள்ள பொருள் எதையும் வைப்பதில்லை.

குளோனிங் என்றொரு முறையும் புழக்கத்தில் இருக்கிறது. காரோடு எந்தக் கருவியையும் இணைக்காமல், பழைய சாவியின் சிப்பிலுள்ள அடையாளத்தை அப்படியே புதிய சிப்பில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஒரு காலத்தில் பரவலாக இருந்த சிப்புகளின் ரகசிய எண் 40 பிட் நீளமே கொண்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் 2005-இல் அதை உடைத்துக் காட்டினார்கள். அதற்கடுத்த தலைமுறைச் சிப்புகள் சிலவற்றின் பலவீனங்களும் 2012 வாக்கில் வெளிவந்துவிட்டதால், இன்று ஒரு சிறிய கருவியே அந்தச் சிப்புகளைப் படியெடுத்துவிடும். ஆனால் இப்படி எடுத்த சாவியைக் கார் தனிச் சாவியாக அறியாது. இரண்டும் அதற்கு ஒன்றே. மூலச் சாவி தொலைந்து அதை நீக்கினால் படியெடுத்த சாவியும் சேர்ந்து செத்துப்போகும். என்னைப் போலப் பழைய கார் வாங்கியவர்களுக்கு இதில் பயனே இல்லை, ஏனென்றால் வெளியே இருக்கும் சாவிகள் அப்படியே உயிரோடு இருக்கும். எந்த முறையில் செய்யப் போகிறீர்கள் என்று வேலை தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

பிளேடு வெட்டுவதிலும் இவர்களுக்கு அக்கறை இருக்கிறது. தேய்ந்த படியால் அளந்தால் அளவு குறைவதைப் போல, பல ஆண்டு தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் புதிய சாவியும் தேய்ந்தே பிறக்கும். இவர் என் சாவியின் பள்ளங்களை அளந்து, அந்த மாடலுக்குரிய வெட்டு அளவுகளோடு ஒப்பிட்டு, தேய்மானத்துக்கு முந்தைய அளவிலேயே வெட்டினார். புதிய கார் வாங்கும்போது சாவியோடு ஒரு சிறிய தகட்டில் சாவி எண் பொறித்துத் தருவார்கள்; அதைச் சாவி வளையத்திலேயே மாட்டிவைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னதைப் புதுக்கார் வாங்குகிற எல்லாரும் மனத்தில் வைக்கலாம்.

வேலைக்கு முன் காரின் பேட்டரியை மீட்டர் வைத்து அளந்து, வேலை முடியும் வரை ஒரு சார்ஜரையும் இணைத்தே வைத்திருந்தார். இக்னிஷன் ஆனில் இருக்க, பதிவு நடக்கும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்தால் பதிவு பாதியில் அறுந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியே குழம்பிப்போகக்கூடும். இதைச் செய்யாத இடத்தில் சாவி போடக் கொடுக்காதீர்கள்.

ரிமோட் தனிக் கதை. ஒரே கூட்டுக்குள் இருந்தாலும் சிப்பும் ரிமோட்டும் வெவ்வேறு. அதனால்தான் எஞ்சின் ஓடும், கதவு திறக்காது, அல்லது கதவு திறக்கும், எஞ்சின் ஓடாது என்ற நிலை வருகிறது. நம் ஊரில் ஓடும் கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அமெரிக்கச் சந்தைக்கான 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டைப் படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினால் அது இங்கே பேசாது. மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் சிப்பும் கிடையாது, சர்க்யூட் பலகையும் கிடையாது; வெறும் கூடுதான். பட்டன் தேய்ந்த பழைய ரிமோட்டுக்குக் கூடு மாற்ற மட்டுமே அது உதவும். ரிமோட் சரியாக வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு இவர் பேட்டரியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார். சிஆர்2032 போட வேண்டிய இடத்தில் சிஆர்2025 போட்டிருப்பார்களாம், முன்னது 3.2 மில்லிமீட்டர் தடிமன், பின்னது 2.5 மில்லிமீட்டர். வோல்ட் ஒன்றே என்றாலும், தொடுமுனை சரியாக அழுந்தாமல் ரிமோட் விட்டுவிட்டு வேலை செய்யும்.

மாமாவின் கார் புஷ் ஸ்டார்ட் வகை. கிணற்றில் மோட்டார் பார்க்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த சாவி விழுந்துவிட்டது. இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் இருந்தது. பூட்டிய காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவர வேண்டியிருக்குமோ என்று கவலைப்பட்ட மாமாவுக்கு, கடைக்காரர் தன் மருமகனோடு தோட்டத்துக்கே வந்து நின்றது பெரிய ஆறுதல். இங்கேயும் ஆர்சி பார்த்த பிறகே கதவைத் திறந்தார். கையில் ஒரு சாவியும் இல்லாத நிலையில் பட்டியலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால், மகனிடம் இருக்கும் சாவியும் செயலிழந்துவிடும் என்றும், அவர் ஊருக்கு வரும்போது அதை மறுபடி பதிந்துகொள்ளலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினார். வேலை முடிந்ததும் புதிய சாவியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதை ஸ்டார்ட் பட்டன் மீது ஒட்டிப் பிடித்து அழுத்தச் சொன்னார். எஞ்சின் ஓடியது. உள்ளே இருக்கும் பேட்டரி இல்லாத சிப்தான் அங்கே வேலை செய்கிறது. “கண்ணு, இது தெரியாமத்தான் போன வருசம் ராத்திரி முழுக்கத் தாராபுரத்துலயே நின்னுட்டேன்” என்றார் மாமா. சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் உலோகப் பிளேடை இழுத்துக் கதவைத் திறக்கும் விதத்தையும் அவருக்கு இரண்டு முறை செய்து காட்டினார்கள்.

என் காருக்கு ரிமோட்டோடு சேர்த்து 3,500 ரூபாயும், மாமாவின் காருக்குப் பயணச் செலவு உட்பட 11,000 ரூபாயும் ஆயின. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களில் சொன்ன விலை இரண்டுக்குமே இதைவிடக் கணிசமாக அதிகம். நிறுவனத்திலிருந்து சாவி வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது நிறுவனத்தின் அசல் சாவி. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் காராக இருந்தால் நான் அங்கேதான் போவேன். இன்சூரன்ஸில் சாவி இழப்புக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருப்பவர்கள், எங்கே செய்தால் பணம் திரும்பும் என்று நிறுவனத்திடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கார் திருட்டுப் போய்ப் பணம் கேட்கும்போது இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பதால், ஒரே சாவியோடு காலம் தள்ளுவதும் சரியல்ல.

குறைகளும் உண்டு. வெளிச்சந்தை ரிமோட்டின் பட்டன்கள் அசலைவிடக் கடினமாக இருக்கின்றன. பூட்டும் பட்டனைச் சற்று அழுத்தியே பிடிக்க வேண்டியிருக்கிறது. பில்லைக் கேட்டால்தான் தருகிறார்கள். ஆறு மாத உத்தரவாதத்தையும் அதன் பின்புறத்தில் எழுதித் தரும்படி நான் வற்புறுத்த வேண்டியிருந்தது. இவற்றைவிட எனக்கு நெருடலாக இருந்தது அந்தப் பதிவேடு. காரின் ரகசிய எண்ணைத் தாளில் எழுதி உறையிலிட்டு என் கையிலேயே கொடுத்தவர், என் முகவரியும் கார் எண்ணும் உள்ள நோட்டை மேசை மேல் விரித்தபடியே வைத்திருந்தார். அடுத்து வருகிறவர் அதைச் சாதாரணமாகப் படிக்க முடியும். இதை அவரிடம் சொன்னேன். மாமாவின் வேலைக்கு வந்தபோது பதிவுத் தாள்கள் ஒரு மூடிய கோப்பில் இருந்தன.

சந்தில் கார் நிறுத்த இடம் இல்லை. மாலையில் போனால் அலைய வேண்டியிருக்கும், ஆதலால் காலையில் போவது நல்லது. அசல் ஆர்சி, உரிமம், வீட்டிலுள்ள எல்லாச் சாவிகள், சாவி எண் தகடு இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால், அதற்குரிய சிப் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். விலையுயர்ந்த ஐரோப்பிய கார்களின் வேலையை இவர்கள் எடுப்பதில்லை. அதற்குரிய கருவி தங்களிடம் இல்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.