வேக்சின் கேரியருக்குள் எந்த ஐஸ் பேக்?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேரியரிலும், அதாவது தடுப்பூசியைக் குளிர்ச்சியாகக் கொண்டுபோகும் பெட்டியிலும், நான்கு ஐஸ் பேக் போகும். அவை எந்த நிலையில் உள்ளே போகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே அடுக்குவதை யாரும் சரி என்று சொல்லமாட்டார்கள். அவசரத்தில் நடப்பது என்னவோ அதுதான். மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இருந்த பேக் அது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அது திரண்டுபோகும், வீரியமும் போய்விடும். குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம் (சூடு பட்டால் நிறம் மாறும் லேபிள்) சூட்டைக் காட்டுமே தவிர, உறைந்ததைக் காட்டாது. சந்தேகம் வந்தால் அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி, சந்தேகக் குப்பியும் அதைப்போலவே சீக்கிரம் படிகிறதா என்று பார்க்க வேண்டும். முகாம் நடுவே அதற்கு யாருக்கு நேரம்?

கண்டிஷனிங் செய்தால் இந்தப் பயம் இல்லை. பேக்கை மேசையில் பரப்பி வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். காசு செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். மார்கழியில் ஆகும் நேரம் வேறு, சித்திரையில் வேறு. வண்டி வாசலில் நிற்கும்போது இதைக் கடைப்பிடிப்பது லேசில்லை.

இன்னொரு வழி, உறையவிடாமல் குளிரவைத்த தண்ணீர் பேக். இதில் மருந்து உறையும் பேச்சே இல்லை. ஆனால் ஐஸ் இல்லாததால் சீக்கிரம் சூடேறும். போலியோ சொட்டு மருந்தின் வி.வி.எம் 37 டிகிரியில் 2 நாள் தாங்கும், பென்டாவேலன்டுக்குப் பொதுவாக 14 நாள். ஆக, சில மணி நேர முகாமுக்கு இது ஒன்றும் ஆபத்தில்லை. இடறுவது வேறிடத்தில்: கரைத்த தட்டம்மை-ரூபெல்லா குப்பியை ஐஸ் பேக்கின் குழியில்தான் நிறுத்தி வைப்பார்கள். தண்ணீர் பேக் அதற்கு உதவாது.

உறைதல் தடுப்பு கேரியர் என்று தனியாக வந்திருக்கிறது. பேக்குக்கும் குப்பிக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு, அதனால் உறைந்த பேக்கையே நேராகப் போடலாம். விலையும் கூட, எடையும் கூட.

என்னைக் கேட்டால், வண்டி போகும் ஊர்களுக்கு இந்தக் கேரியரையே வாங்கலாம். நடந்து ஏற வேண்டிய மலைக் கிராமங்களுக்குப் பழைய கேரியரும் கண்டிஷனிங்கும் போதும். ஆனால் பேக்கை வெளியே எடுத்து வைப்பது காலையில் நிலையத்தைத் திறப்பவரின் வேலையாக இருக்கட்டும், கிளம்பும் செவிலியர் தலையில் கட்ட வேண்டாம்.